நா கட்டுண்ட ஆசிரியர்



சில வாரங்களுக்கு முன்பு நன்னெறிக் கல்விப் பாடத்தின் தொடக்கத்தில் மாணவர்களை ஐந்து நிமிடம் கண்மூடி அமரச் செய்தேன். "எதையும் நினைக்காதீர்கள்" என்றேன். முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, மற்ற பாடங்களில் எல்லாம் யோசி, யோசி என்கிறீர்கள். இங்கே மட்டும் யோசிப்பது தப்பா?" என்று கேட்டாள். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அவளை அமர வைத்துவிட்டேன். அது விடையன்று என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய ஓர் ஆசிரியர் வரலாற்றில் உண்டு. அவர்தாம் இமாம் கஸ்ஸாலி.

அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி 1058ஆம் ஆண்டில், இன்றைய ஈரானின் வடகிழக்கில் உள்ள தூஸ் நகரில் பிறந்தவர். நிசாப்பூரில் அக்காலத்துப் பேரறிஞரான அல்-ஜுவைனியிடம் சமயச் சட்டமும் வாதக்கலையும் கற்றார். 1091இல், செல்ஜுக் பேரரசின் அமைச்சர் நிசாமுல் முல்க் அவரைப் பக்தாது நகரின் நிசாமியா கல்விக்கூடத்திற்கு ஆசிரியராக அனுப்பினார். அப்பொழுது அவருக்கு வயது 33. ஏறத்தாழ 300 மாணவர்களுக்குப் பாடம் சொன்னதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய பொழுதில், இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், எவர் துணையுமின்றிக் கிரேக்க மரபுவழித் தத்துவ நூல்களைக் கற்றுத் தேர்ந்தார். பின்னர் அத்தத்துவவாதிகளின் கொள்கைகளை 20 தலைப்புகளில் ஆராய்ந்து மறுத்து நூலொன்று இயற்றினார். எனினும் தருக்கத்தை அவர் தள்ளவில்லை. அதனைக் கற்பிக்கவும் தனி நூல் எழுதினார்.

இத்தகைய அறிவாளிக்குத்தான் அந்நிலை நேர்ந்தது. சூஃபி ஞானியரின் நூல்களைப் படித்தபோது, அவர்தம் கோட்பாடுகள் யாவும் அவருக்கு விளங்கின. ஆனால், நூலால் பெறக்கூடியது அங்கேயே நின்றுவிடுகிறது என்பதும் விளங்கிற்று. உடல்நலம் என்றால் என்னவென்று வரையறுக்கத் தெரிந்த மருத்துவன் நோயாளியாக இருக்கலாம். வரையறை அறிவது வேறு, நலத்தோடு இருப்பது வேறு. அனுபவத்தால் மட்டுமே எட்டக்கூடிய அவ்வறிவைக் குறிக்க சூஃபிகள் 'தவ்க்' என்னும் அரபுச் சொல்லைக் கையாண்டனர். 'சுவை' என்பதே அதன் பொருள். தேனைப் பற்றி எவ்வளவு படித்தாலும் நாவில் படாதவரை அதன் இனிமை தெரியாதல்லவா?

தம் கற்பித்தலின் நோக்கத்தையும் அவர் சோதித்துப் பார்த்தார். புகழுக்காகவே தாம் கற்பிப்பதாக உணர்ந்தார். போவதா, இருப்பதா என்ற போராட்டம் 1095ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கிப் பல மாதங்கள் நீடித்தது. ஒருநாள் மாணவர் முன் அமர்ந்து பாடம் சொல்ல முயன்றபோது நா எழவில்லை. உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் தோன்றியது, மருந்தால் தீராது என்று கைவிரித்தனர். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இப்பகுதியைப் படிக்கையில் சற்று நிறுத்தாமல் கடக்க இயலாது.

அவ்வாண்டின் இறுதியில், மக்காவுக்குப் போவதாகக் கூறிப் பக்தாதை விட்டு வெளியேறினார். பிள்ளைகளுக்குத் தேவையானதை மட்டும் வைத்துவிட்டு மற்ற செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். டமாஸ்கசு நகரின் பெரிய பள்ளிவாசல் கோபுரத்தில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பாராம். ஜெருசலத்திலும் அவ்வாறே தனிமையில் தியானித்தார். தம் தனிமை வாழ்வு ஏறத்தாழ 11 ஆண்டுகள் நீண்டதாக அவர் கணக்கிடுகிறார்.

இவ்வளவில் கதையை நிறுத்தினால், அறிவைத் துறந்து அனுபவத்தைப் பற்றினார் என்று முடித்துவிடலாம். பலரும் அவ்வாறே முடிக்கின்றனர். ஆனால், அக்காலத்தில்தான் 40 பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் உருவாயிற்று. அதன் 39ஆம் பகுதி முழுவதும் சிந்தித்தலைப் பற்றியது. தெரிந்த இரண்டு அறிவுகளை உள்ளத்தில் சேர்த்து வைத்து, அவற்றிலிருந்து மூன்றாம் அறிவொன்றைப் பிறப்பிப்பதே சிந்தனை என அவர் விளக்குகிறார். தருக்கத்தில் கற்ற முறையையே தியானத்தின் கருவியாக்கிவிட்டார்!

அதே நூலில் ஓர் உவமையும் உண்டு. குளத்திற்கு வெளியிலிருந்து வாய்க்கால் வழியே நீர் கொணரலாம். அல்லது, அடிமண்ணைத் தோண்டி உள்ளிருக்கும் ஊற்றைத் திறக்கலாம். முன்னது புலன்வழிக் கல்வி, பின்னது உள்ளத்தைத் தூய்மை செய்து பெறும் ஞானம். கஸ்ஸாலி ஊற்றையே உயர்வாகக் கருதினார். ஆயினும் கற்றோர் தரப்பு எச்சரிக்கையையும் மறைக்காமல் பதிவு செய்தார். முறையான கல்வியின்றித் தனிமையில் அமர்ந்தவன், ஒரு வீண் கற்பனையையே உண்மையென நம்பி 20 ஆண்டுகள் அதில் சிக்கிக் கிடக்கக்கூடும். முன்னரே கற்றிருந்தால் அம்மயக்கம் உடனே தெளிந்திருக்கும் என்பதே அவ்வெச்சரிக்கை.

1106இல் அவர் மீண்டும் நிசாப்பூரில் வகுப்பறைக்குத் திரும்பினார். முன்பு புகழ் தேடித் தரும் கல்வியைப் போதித்தேன், இனிப் புகழைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பேன் என்பதே அவர் எண்ணத்தின் சாரம். 1111இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் பலெம்பாங் அறிஞர் அப்துல் சமது, இஹ்யாவின் சாரத்தை மலாய் மொழியில் தந்தார். ஆகவே, இவ்வாசிரியரின் குரல் நம் வட்டாரத்திற்கும் புதியதன்று.

இவ்வரலாறு எனக்குக் காட்டுவது இதுதான். சிந்தனை நம்மை வாயில்வரை அழைத்துச் செல்கிறது. தியானம் கதவைத் திறக்கிறது. அனுபவம் உள்ளே நிகழ்கிறது. வெளியே வந்தபின், கண்டது மெய்யா மயக்கமா என்று பிரித்தறிய மீண்டும் சிந்தனையே தேவைப்படுகிறது.

அடுத்த வாரம் அம்மாணவியை அழைத்து, "யோசிப்பது தப்பில்லை, அம்மா. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் யோசித்துப் பார்" என்றேன். வகுப்பிலும் "எதையும் நினைக்காதீர்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். அன்று ஐந்து நிமிடம் முடிந்தபின் அவள் மட்டும் கண்களைத் திறக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.