'மஞ்சள் கிருமியைக் கொல்லும்': ஆய்வகச் சோதனை உண்மையில் என்ன சொல்கிறது?

'இந்த மூலிகை கிருமிகளைக் கொல்வது ஆய்வில் நிரூபணம்' – இப்படி ஒரு ஃபார்வர்டு உங்கள் ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கும். பல நேரங்களில் ஆய்வு உண்மைதான். 'கொல்வது' என்ற சொல்லில்தான் சிக்கல்.

சோதனை எப்படி நடக்கிறது?

செடியை உலர்த்திப் பொடியாக்கி, எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாற்றை வடிக்கிறார்கள். அதில் மேயர் கரைசலைச் சேர்த்து வீழ்படிவு வந்தால் ஆல்கலாய்டு இருக்கலாம். ஃபெரிக் குளோரைடு சேர்த்துக் கரும்பச்சையானால் டானின் இருக்கலாம். எவ்வளவு என்பதை இந்த நிறமாற்றங்கள் சொல்லாது.

அடுத்து, அகர் தட்டில் ஈ.கோலை போன்ற பாக்டீரியாவைப் பரப்பி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைக்கிறார்கள். சுமார் 37 டிகிரியில் ஒரு நாள் விட்டால், சாறு வேலை செய்யும் பட்சத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். ஒப்பிட ஓர் ஆன்டிபயாட்டிக் வில்லையும், வெறும் கரைப்பான் வில்லையும் அவசியம். கரைப்பானே கிருமியைத் தடுத்திருக்கலாம், இல்லையா?

பெரிய வட்டம் என்றால் நல்ல மருந்தா?

அப்படியில்லை. வட்டம் 'வளரவில்லை' என்று மட்டும்தான் சொல்கிறது. செத்ததா என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். எண்ணெய்த்தன்மை உள்ள பொருட்கள் அகரில் சரியாகப் பரவாது என்பதால் அளவும் ஏமாற்றலாம்.

அதனால் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவைப் பாருங்கள். எதிர்ப்புத்திறன் இல்லாத ஈ.கோலைக்கு, ஒரு மில்லிலிட்டரில் 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான சிப்ரோஃப்ளாக்சசின் போதும். மூலிகைச் சாறுகளுக்குப் பெரும்பாலும் அதைவிட நூறு, ஆயிரம் மடங்கு தேவைப்படும்.

மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு இன்னொரு பிரச்சினை: விழுங்கினால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. தட்டில் பலித்தது உடலில் பலிக்காமல் போக இது ஒன்றே போதும்.

அப்போ, இதெல்லாம் வீண் வேலையா?

இல்லவே இல்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின், சீன மூலிகை ஒன்றிலிருந்து 1972-ல் பிரிக்கப்பட்டது. அதற்காக டு யூயூ 2015-ல் நோபல் பரிசு பெற்றார். செடிக்கும் மாத்திரைக்கும் நடுவே விலங்குச் சோதனை, மனிதர்களிடம் சோதனை எல்லாம் இருந்தன.

அடுத்த ஃபார்வர்டு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: தட்டிலா, மனிதரிலா? எவ்வளவு அளவில்? எதோடு ஒப்பிட்டார்கள்? பதில் 'தட்டில்' என்றால், அதை நம்பி டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.