ஒரு வெள்ளியும் ஒரு நூலகமும்

பரிசளிப்பு விழா மலருக்கு நம் பள்ளியின் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னபோது, அது ஒரு மாலை நேர வேலை என்றுதான் நினைத்தேன். பள்ளி வாசலில் 'தோற்றம் 1938' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதை வைத்து நாலு பத்தி எழுதி, பெற்றோர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், 1938ன்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

யார் சொன்னது? எனக்குத் தெரியவில்லை. என்னோடு பணிபுரியும் மூத்த ஆசிரியைக்கும் தெரியவில்லை. பலகைக்குச் சாயம் பூசியவர் பழைய பலகையைப் பார்த்து எழுதினார். பழைய பலகைக்காரர் எதைப் பார்த்து எழுதினார்? பள்ளி அலமாரியில் பழைய வருகைப் பதிவேடு ஒன்றுகூட இல்லை. கறையான் பாதி, வெள்ளம் பாதி என்று சொல்கிறார்கள். ஆகவே கடிதம் ஒன்று கையில் வாங்கிக்கொண்டு, பள்ளி விடுமுறையில் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினேன். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்தால் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

அந்த நூலகத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அதன் கதையிலும் நம் தோட்டத்து ஆட்களுக்குப் பங்கு இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே இந்திய இயல் துறை ஒன்று அமைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, இந்திய மொழிகளில் எதற்கு முதலிடம் என்ற கேள்வியும் கூடவே வந்தது. சமஸ்கிருதம்தான் என்று ஒரு சாரார் சொன்னார்கள். இந்நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர், அவர்கள் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறவர்கள், ஆகவே தமிழுக்குத்தான் இடம் வேண்டும் என்று குரல் எழுப்பியவர்களில் முன்னே நின்றவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1935இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கியவர் அவர். வெறும் தலையங்கம் எழுதிவிட்டு அவர் ஓயவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டுமானால் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும், நூல்கள் வாங்கப் பணம் வேண்டும். அதைச் செல்வந்தர்களிடம் மட்டும் கேட்காமல் சாதாரண மக்களிடமும் கேட்டார்.

என் பாட்டிக்கு இந்த நிதி நினைவிருக்கிறது. அப்போது அவர் சிறு பெண். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கப்பா ஒரு வெள்ளி குடுத்தாரு. எதுக்குப்பான்னு கேட்டேன். சிங்கப்பூர்ல பெரிய படிப்புக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கறாங்களாம்னாரு. நம்ம வீட்டுல யாரு படிக்கப் போறான்னு எங்கம்மா சத்தம் போட்டாங்க." அந்தக் காலத்துக் கூலியில் ஒரு வெள்ளி என்பது சின்னக் காசு இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி தூக்கிச் சம்பாதித்த வெள்ளி அது. எங்கள் பாட்டனார் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

1956இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழ் அதில் இடம் பெற்றது. 1959இல் துறை கோலாலம்பூர் வளாகத்துக்கு வந்தது. 1961இல் தனிநாயக அடிகள் துறைத் தலைவராக வந்து சேர்ந்த பிறகு, உலகத் தமிழறிஞர்களின் கண் இந்தப் பக்கம் திரும்பியது. முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில்தான் நடந்தது. சென்னையில் இல்லை, மதுரையில் இல்லை, நம் நாட்டில்! அதே 1966இல் அடிகளார் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலை ஆங்கிலத்தில் தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1969இல் அப்பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட இராம. சுப்பையா அவர்களின் 'தமிழ் மலேசியானா' என்ற பட்டியல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் ஏடுகளையும் தேடித் தேடி அதில் குறித்திருக்கிறார். எந்தக் கதாநாயகனும் இல்லாத புத்தகம் அது. வெறும் பெயர்களும் ஆண்டுகளும்தான். ஆனாலும் ஒரு மதிய நேரம் முழுதும் அதை என்னால் கீழே வைக்க முடியவில்லை. நம்மவர்கள் இவ்வளவு எழுதினார்களா என்று திகைப்பாக இருந்தது.

இனி என் தேடலுக்கு வருகிறேன். முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. கணினியில் எங்கள் தோட்டத்தின் பெயரை அடித்தேன், இல்லை. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தேன், அப்போதும் இல்லை. கடைசியில் நூலக ஊழியர் அம்மையார் ஒருவரிடம், "எங்கள் தோட்டப் பள்ளியின் வரலாறு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. "அப்படி ஒரு புத்தகத்தை யாரும் எழுதலையே சார். நீங்கதான் எழுதணும். அதுக்கு வேண்டிய தாளுங்க இங்க சிதறிக் கிடக்கு" என்றார். பயிற்சிக் கல்லூரியில் கட்டுரை எழுதியபோதெல்லாம் ஒரு நூலைத் திறந்து அதிலிருந்து எடுத்து எழுதித்தான் எனக்குப் பழக்கம். விடை ஒரே புத்தகத்தில் இருக்கும் என்று நம்பி வந்தவனுக்கு அந்தப் பேச்சு ஒரு பாடம்.

தோட்டத்தின் பெயர் ஏன் அகப்படவில்லை என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் விளங்கியது. நம் ஆட்கள் தோட்டங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆற்றைப் பார்த்து ஒரு பெயர், பழைய தொரையைப் பார்த்து ஒரு பெயர், மரத்தைப் பார்த்து ஒரு பெயர். கம்பெனிப் பதிவில் அந்தப் பெயர் இருக்காது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பெயரும் அப்படிப்பட்டதுதான். பாட்டி தம் டிரங்குப் பெட்டியிலிருந்து பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பிறந்த இடம் என்ற இடத்தில், ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயரோடு 'எஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெயரைப் பாட்டி எண்பது ஆண்டுகளாகப் பெட்டியில் வைத்திருக்கிறார், படித்ததில்லை!

மறுமுறை அந்தப் பெயரோடு போனேன். பழைய மலாயா டைரக்டரிகளில் தோட்டம் வந்துவிட்டது: எத்தனை ஏக்கர், எந்தக் கம்பெனி, தொரை யார், எல்லாம். எங்கள் பாட்டன்மார் பெயர் அதில் இல்லை, இருக்கவும் செய்யாது. தொரையின் பெயர் மட்டும் இருந்தது.

தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளையும் புரட்டினேன். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அதனால்தான் ஆயாக் கொட்டகையிலும் ஸ்டோர் ஓரத்திலும் பள்ளிகள் முளைத்தன. கிராணியும் கங்காணியும் கூட வாத்தியார் ஆனார்கள். சட்டம் பள்ளியை வைக்கச் சொன்னது, வாத்தியார் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிக்கை எழுதியவர் யார் என்று பார்க்காமல் அறிக்கையை நம்பக்கூடாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டிவிட்டவர்களின் வேலை என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். 'தமிழ் நேசன்' ஏட்டில் பணியாற்றிய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ஆனால் தொழிலாளர்களின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது. தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்கச் சொல்கிறார்கள். கள்ளுக்கடையை மூடச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆயாக் கொட்டகைப் பள்ளி போதாது என்று 1941லேயே நம்மவர்கள் சொல்லிவிட்டார்கள். அதிகாரியின் தாளையும் தொழிலாளியின் கோரிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இது கண்ணில் படும். அப்படி வைத்துப் படிக்கிற வசதி நூலகத்தில்தான் உண்டு.

படிவம் ஆறிலோ கல்லூரியிலோ படிக்கிற நம் பழைய மாணவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. தோட்ட வரலாறு எழுத நினைத்தால் சந்து அவர்கள் 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூலையும், அரசரத்தினம் அவர்கள் 1970இல் வெளியிட்ட நூலையும் முதலில் படியுங்கள். இரண்டும் ஆங்கிலம். படித்துவிட்டு மூடாதீர்கள், பின்பக்கத்து அடிக்குறிப்புகளில்தான் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற வழி இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட கதைக்கு உங்கு அஜீஸ் அவர்களின் ஆய்வு 1962இல் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. டூவி முறையில் அடுக்கிய நூலகமானால் 894.811 என்ற எண்ணில் தமிழ் இலக்கியம் நிற்கும். அந்த எண் ஒன்று தெரிந்தால் எந்த ஊர் நூலகத்திலும் நேரே நடந்து போகலாம். வீட்டில் கணினி இருப்பவர்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கும் பழைய நாளேடுகளில் தேடலாம், தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. எதை எடுத்து எழுதினாலும் பக்க எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் விட்ட ஒரே ஒரு பக்கத்துக்காக இரண்டாம் முறை பஸ் ஏறினேன், நாற்பது வெள்ளி செலவு.

மூன்றாம் பயணத்தில்தான் அது நடந்தது. பள்ளிகள், கோயில்கள், சங்கங்கள் வெளியிட்ட சிறு மலர்கள் சில ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கையில் நம் பள்ளியின் பெயர்! 1974ஆம் ஆண்டு பரிசளிப்பு விழா மலர். பள்ளியில் ஒரு படிகூட மிஞ்சாத மலர், நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அட்டை மங்கியிருந்தது, விளம்பரங்களில் நம் டவுன் மளிகைக்கடை, தையற்கடை, துணிக்கடை. நடுப்பக்கத்தில் அப்போதைய தலைமையாசிரியர் எழுதிய குறிப்பு ஒன்று. பள்ளி முதன்முதலில் ஆயாக் கொட்டகையில் 1934இல் தொடங்கியது என்றும், 1938இல்தான் தனிக் கட்டடம் கிடைத்தது என்றும் அதில் எழுதியிருக்கிறார். பதினேழு பிள்ளைகளாம். ஐந்து பெண்கள்.

தலைமையாசிரியரிடம் நகலைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "அப்ப பலகைய மாத்திடலாமா?" என்றார். வேண்டாம் சார், ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது, அவரும் நாற்பது ஆண்டு கழித்து எழுதியவர், இன்னொன்று கிடைக்கட்டும் என்றேன். அந்த மாணவிக்கும் அதையே சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை. "அப்ப இப்போ தப்பா இருக்கலாம்தானே?" என்றாள். இருக்கலாம். ஆகவே இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் பழைய பள்ளிச் சான்றிதழ், தேர்ச்சி அட்டை, குழுப் படம், சம்பளத் துண்டு எது இருந்தாலும் எரித்துவிடாதீர்கள். கொண்டுவந்து காட்டினால் படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். ஜப்பான் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களின் வீட்டுத் தாள்கள் இருந்தால் கட்டாயம் சொல்லியனுப்புங்கள்.

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலரைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. "எங்கப்பா காசுல வாங்கின புத்தகத்த பாத்தியா?" என்றுதான் கேட்டார். எந்தப் புத்தகம் எந்த வெள்ளியில் வாங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? "பாத்தேன் பாட்டி" என்றேன். அன்று மதியம் மேசைமேல் நான் விரித்து வைத்திருந்த தமிழ் நூல்களில் ஒன்றாவது அவருடையதாக இருக்காதா?

1986ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். இந்த மலருக்கும் அது பொருந்தும் என்று நான் பள்ளி வாரியத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து படிகள் அங்கே போகின்றன. இரண்டு படிகள் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்கு. பதிவுத் தபால் செலவைப் பொருளாளர் ஏற்றுக்கொண்டார்.