பந்திங் கரையும் புயலின் தடமும்

மலாக்கா நீரிணையின் கிழக்குக் கரையில், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துக் கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள பந்திங், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2.8 பாகையில், அதாவது 310 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இவ்வளவு தெற்கே புயல் உருவாகாது என்பதே நெடுங்காலம் வானிலைப் பாடநூல்களின் முடிவாக இருந்தது. புயலுக்கு வெதுவெதுப்பான கடல் மட்டும் போதாது. தாழ்வழுத்தத்தை நோக்கி ஓடிவரும் காற்றை வளைத்துச் சுழலவிடப் பூமியின் சுழற்சியும் உதவ வேண்டும். அந்த வளைக்கும் விசை துருவத்தில் முழு அளவில் இருக்கும். நிலநடுக்கோட்டில் இல்லாமலே போகும். துருவத்தில் உள்ளதில் சென்னைக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, பந்திங்குக்குக் கிடைப்பது இருபதில் ஒரு பங்கு. அதனால்தான் 5 பாகைக்குள் புயலைத் தேட வேண்டியதில்லை என்று கருதினார்கள்.

நில அமைப்பும் இந்த நம்பிக்கைக்குத் துணை நின்றது. மேற்கே சுமத்திராவின் பாரிசான் மலைத்தொடர், கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நீரிணை. இந்துமாக்கடலின் அலையும் தென்சீனக் கடலின் அலையும் கோல லங்காட்டின் மோரிப் கரைக்கு நேராக வந்து சேர்வதில்லை. மோரிப்பில் கடல் வற்றும்போது சேற்றுத் தரை வெகுதூரம் வெளிப்படும். 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ், இந்தியப் படைகள் அங்கே இறங்கியபோது அவற்றின் வண்டிகள் அந்தச் சேற்றில் புதைந்து நின்றன. இந்தக் கரையில் கடல் வேகமாக மோதுவதை விட, மெல்ல ஏறி நிலத்துக்குள் பரவுவதே வழக்கம்.

இங்குள்ள மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அஞ்சி வந்த காற்று வேறு. தென்மேற்குப் பருவக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும், விடியுமுன் நீரிணையின் மேல் மேகங்கள் ஒரே வரிசையாகத் திரண்டு, சுமத்திராப் பக்கமிருந்து கிழக்கே நகரும். ‘சுமத்திரா’ என்றே கப்பலோட்டிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். திடீரென்று காற்று திரும்பும், வெப்பம் சட்டென்று இறங்கும், மழை கொட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். சிறு படகைக் கவிழ்க்கவும் கூரையைப் பெயர்க்கவும் அந்த நேரம் போதும். ஆனால் அதற்குச் சுழலும் மையம் கிடையாது. நாள்கணக்கில் பின்தொடர்ந்து வரைபடத்தில் தடம் குறிக்கும் வேலையும் அதற்குத் தேவைப்படவில்லை.

தடம் குறிக்கும் கலை வளர்ந்தது வங்காள விரிகுடாவின் மறுகரையில். கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைச் சேகரித்து, ஒரே புயலைப் பல கப்பல்கள் பல திசைகளில் கண்ட குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். சுழலும் காற்றுக்கு ‘சைக்ளோன்’ என்று 1848இல் வெளியான தம் நூலில் பெயரிட்டவரும் அவரே. 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை வந்தது. இந்திய வானிலைத் துறை 1875இல் அமைந்தது. எச்சரிக்கை முறை சில ஆண்டுகளில் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது.

தமிழகக் கடற்கரையில் ‘கூண்டு ஏற்றுவது’ என்று இன்றும் சொல்லப்படுவது அந்த முறையைத்தான். துறைமுகக் கம்பத்தில் பகலில் உருளை, கூம்பு வடிவங்களை ஏற்றுவார்கள்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளைத் தொங்கவிடுவார்கள். முதல் எண் கூண்டு, தொலைவில் ஒரு தாழ்வழுத்தம் இருப்பதைச் சொல்லும். எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதையும் சில எண்கள் காட்டும். 11ஆம் எண் ஏறினால் எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அறிந்துகொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கட்டுமரக்காரரும் கரையில் நின்றபடியே கடலின் நிலையை அறிந்துகொள்ள வழி செய்தது இந்த ஏற்பாடு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களுக்கும் அது பழகிய காட்சியாகவே இருந்திருக்கும்.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கோலக் கிள்ளான்), சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் வழியே மலாயாத் தமிழரின் வழி. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ 1970களின் தொடக்கம் வரை அந்த வழியில் ஆள் ஏற்றியது. கோலக் கிள்ளானில் இறங்கியவர்களில் பலர் பந்திங், கேரித் தீவுத் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்த வழி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் நடமாடும் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்வது. செயற்கைக்கோள் வருமுன் நடுக்கடலில் காற்றழுத்தம் குறைவதை அளந்து கம்பியில்லாத் தந்தி வழியே கரைக்குச் சொல்லக்கூடியவை கப்பல்கள்தாம். கப்பல் போகாத இடத்தில் புயல் வளர்ந்தால் கரைக்குத் தெரிய வழியில்லை. புயலை ஒதுங்கிப் போவதே மாலுமியின் கடமை என்பதால், எச்சரிக்கை எவ்வளவுக்கு நன்றாக வேலை செய்ததோ அவ்வளவுக்குப் புயலின் மையத்தைப் பற்றிய தகவல் குறைந்தது. இந்த இடைவெளியை விண்வெளிப் படங்களே நிரப்பின. 1960 ஏப்ரலில் ஏவப்பட்ட டைரோஸ்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோள் மேகப் படங்களை அனுப்பியது. ஜப்பானின் முதல் ஹிமவாரி 1977இல் ஏவப்பட்டது. 2015இல் பணிக்கு வந்த ஹிமவாரி-8, மலேசியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைப் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்தது.

மலாயாவில் வானிலைச் சேவை 1929இல் அமைந்தது. பிற்காலத்தில் அதன் வாரிசான மலேசிய வானிலைத் துறை பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் கவனம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் மீதுதான் இருந்தது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளமும் பருவமழையால் வந்ததே. புயல் என்பது அண்டை வீட்டுக்கு வருவதாகவே எண்ணப்பட்டது. 1962 அக்டோபரில் தென் தாய்லாந்தின் தாலும்புக் முனையைத் தாக்கிய ‘ஹாரியட்’ ஏறத்தாழ 900 பேரைப் பலிகொண்டது. 1989 நவம்பரில் ‘கே’ சும்போனில் கரை கடந்து, மலாய்த் தீபகற்பத்தின் ஒடுங்கிய பகுதியைத் தாண்டி வங்கக் கடலில் மீண்டும் வலுப்பெற்று, ஆந்திரக் கரையில் போய் மோதியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் தெற்கு அந்தமான் கடலில், ஏறக்குறைய மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில், தாழ்வழுத்தமாகத் தொடங்கியது. 2018இல் நாகை மாவட்டத்தைச் சிதைத்த ‘கஜா’வின் தொடக்கம் தாய்லாந்து வளைகுடாப் பக்கம். தமிழகத்தில் கரை கடந்த புயல்களில் சிலவற்றின் பிறப்பிடம் இந்தத் தீபகற்பத்தின் அக்கம்பக்கம் என்பது இரு கரையிலும் உறவு கொண்ட தமிழருக்குப் பொருளுள்ள செய்தி.

அண்டை வீட்டுச் செய்தி மலேசியாவின் செய்தியாக மாறியது 1996 டிசம்பர் 26 அன்று. ‘கிரெக்’ என்ற வெப்பமண்டலப் புயல் சபாவைத் தாக்கியது. கெனிங்காவ் பகுதியில் வெள்ளம் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சபா 5 பாகையை ஒட்டி இருப்பதால் பாடநூல் விதி அப்போதும் தப்பிப் பிழைத்தது.

அதை உடைத்தது ‘வாமெய்’. 2001 டிசம்பரில் வடக்கிலிருந்து வந்த குளிர்காற்றுப் பெருக்கு தென்சீனக் கடலின் ஒடுங்கிய தென்முனையில் புகுந்தது. போர்னியோவை ஒட்டி வழக்கமாகச் சுழலும் பலவீனமான காற்றுச் சுழி அங்கே நகர்ந்து வந்திருந்தது. பூமியின் சுழற்சி தராத விசையை, அந்தச் சுழியும் அதன் விளிம்பைத் தேய்த்து ஓடிய குளிர்காற்றும் சேர்ந்து ஈடுகட்டின. டிசம்பர் 27 காலை, நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 1.5 பாகையில், முழுமையான புயல் ஒன்று நின்றது. அதன் வலுவை அறிய வைத்தவை, அந்தச் சிறிய புயலுக்குள் அகப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள். நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று அவற்றில் பதிவாயிற்று. செயற்கைக்கோள் இவ்வளவு முன்னேறிய காலத்திலும், பிடிங்டன் நாளைப் போலவே, ஒரு கப்பலின் அளவீடுதான் வழக்கைத் தீர்த்தது. அமெரிக்கப் புயல் எச்சரிக்கை மையம் அதைச் சூறாவளியாகக் கணக்கிட, ஜப்பான் அதற்குக் கீழே வெப்பமண்டலப் புயலாகவே வைத்தது.

அன்று மாலை வாமெய் தென்கிழக்கு ஜொகூரில் கரை கடந்தது. அதன் மழையில் நேர்ந்த மண்சரிவும் வெள்ளமும் ஐந்து உயிர்களைப் பறித்தன. பிறகு அது சுமத்திராவைத் தாண்டி வங்கக் கடல் பக்கம் போயிற்று. சி. பி. சாங் முதலிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய புயல் 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம் என்று மதிப்பிட்டார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரழிவு பெயரில்லாத ஒன்றால் வந்தது. 2021 டிசம்பர் 16 அன்று பிலிப்பீன்சில் ‘ராய்’ சூறாவளி கரை கடந்தது. உலகின் கண் அங்கே இருந்தது. அதே நாட்களில் தென்சீனக் கடலில் 29W என்ற எண்ணை மட்டும் பெற்ற தாழ்வு மண்டலம் பகாங் கரையை நோக்கி நகர்ந்தது. பெயர் பெறக் காற்று மணிக்கு 34 கடல்மைலை எட்ட வேண்டும், அது எட்டவில்லை. கரை கடந்த பின் மெதுவாக மேற்கே வந்து, டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூர்மீது மழையாகக் கொட்டித் தீர்த்தது. கோலாலம்பூர் செந்தூலில் ஒரே நாளில் 363 மில்லிமீட்டர் பதிவாயிற்று. ஒரு மாதத்துக்கான சராசரி மழையை விட இது அதிகம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுதும் மூழ்கியது, மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்தார்கள். நாடு முழுதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளச் சேதம் ஏறத்தாழ 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. மீட்புப் படகுகள் வரத் தாமதமானது மக்களின் ஆறாத குறை. அந்தக் கோபம் நியாயமானது. மழை முன்னறிவிப்பு ஒரு துறையிடமும் ஆற்றின் நீர்மட்டம் இன்னொரு துறையிடமும் இருக்க, ‘இந்தத் தெருவை இரவுக்குள் காலி செய்யுங்கள்’ என்று சொல்லும் குரல் எழவில்லை.

அந்த மழைக்கு நிலவும் துணை போயிற்று. டிசம்பர் 19 பௌர்ணமி. கோலக் கிள்ளான் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய கடல்பெருக்கு 5 மீட்டரைத் தாண்டும். கோல லங்காட், கிள்ளான் கரைகளில் செம்பனைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் கடல்மட்டத்துக்கு நெருங்கிய நிலத்தில், மண்கரைகளின் பின்னால் உள்ளன. வாய்க்கால்கள் கடலில் சேரும் இடத்தில் மடைக் கதவுகள் இருக்கின்றன. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வராமல் அவற்றை மூட வேண்டும். மூடிய நேரம் முழுதும் உள்ளே பெய்த மழை வெளியேற வழியின்றித் தேங்கும். ஆற்றுவாயிலும் இதே கதைதான். ஆகவே புயலின் தடத்தை மட்டும் வரைந்தால் இங்கே பாதி வேலைதான் முடியும். ஏற்றவற்ற அட்டவணையும் பக்கத்தில் விரிந்திருக்க வேண்டும்.

2025 நவம்பரில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது ‘சென்யார்’. அது மலாக்கா நீரிணையிலேயே உருவானது. அந்த ஒடுங்கிய கடலில் புயல் எழுவது மிக அரிது. உலக வானிலை அமைப்பின் பங்கீட்டில் கிழக்கு 100 பாகைக்கு மேற்கே உள்ள கடல் புதுதில்லியின் பொறுப்பு, கிழக்கே உள்ளது தோக்கியோவின் பொறுப்பு. அந்தக் கோடு நீரிணைக்குள்ளேயே ஓடுகிறது. நவம்பர் 26 அன்று புயலுக்குப் பெயர் சூட்டியது இந்தியா; பெயரைத் தந்த நாடு ஐக்கிய அரபு அமீரகம். புயல் அன்றே வட சுமத்திராவில் கரை கடந்து, கிழக்கே திரும்பி நீரிணைக்குள் மீண்டும் இறங்கி, நவம்பர் 28 நள்ளிரவை ஒட்டிச் சிலாங்கூர்க் கரையை அடைந்தது. சுமத்திராவில் அந்நாட்களின் வெள்ளமும் மண்சரிவும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. மலேசியாவுக்குச் சேதம் ஒப்பிட முடியாத அளவு குறைவு. புயல் வலுவிழந்து வந்தது முதற்காரணம். இன்னொன்றும் உண்டு: நவம்பர் 28 வளர்பிறையின் அரைநிலவு நாள், கடல்பெருக்கு சிறுத்திருக்கும் காலம். 2021இல் பெயரில்லாத மண்டலம் பெரிய பெருக்கின்போது வந்தது. 2025இல் பெயருள்ள புயல் சிறிய பெருக்கின்போது வந்தது.

மழையையும் பெருக்கையும் கவனிக்க இன்று வழிகள் உண்டு. பந்திங்குக்குக் கிழக்கே டெங்கில் அருகே புக்கிட் தம்போயில், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்காக அமைந்த டாப்ளர் ரேடார் மழை மேகங்களின் நகர்வை அளக்கிறது. வானிலைத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் வெளியிடுகிறது. லங்காட் ஆற்றின் நீர்மட்டத்தை நீர்ப்பாசன, வடிகால் துறை அளந்து, இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாக இணையத்தில் காட்டுகிறது. கடல் ஏறி இறங்கும் நேரங்கள் ஆண்டு தொடங்குமுன்பே அட்டவணையாக அச்சாகிவிடுகின்றன. பேரிடர் நிர்வாகத்துக்கு 2015 முதல் தனித் தேசிய நிறுவனமும் உண்டு.