பஞ்சதந்திரமும் நரியின் வழக்கும்

சிறுவர்க்கு நல்லொழுக்கம் புகட்டும் நூல்களுள் பஞ்சதந்திரத்தை முதல்வரிசையில் வைத்தெண்ணுதல் வழக்கம். ஆயினும், அந்நூல் எழுந்த நோக்கம் வேறு. மகிளாரோப்பிய நகரத்தரசன் அமரசக்தியின் மந்தபுத்தியுள்ள மைந்தர் மூவரை, ஆறு திங்களில் அரசியல் வல்லுநராக்க விட்டுணுசர்மர் கூறிய கதைகள் இவையென அதன் பாயிரம் கூறும். ஆகவே, அஃது உணர்த்தும் நீதி பெரும்பாலும் உலகியலில் உய்யும் உபாயமேயாம்.

முதல் தந்திரமாகிய மித்திரபேதம் இதற்குச் சான்று. பிங்கலகன் என்னும் சிங்கமும் சஞ்சீவகன் என்னும் எருதும் உயிர்நண்பர். தமனகன் என்னும் நரி இருவரிடத்தும் கோள்மூட்டிப் பகை விளைக்கின்றது. குற்றமற்ற எருது சிங்கத்தால் மடிகின்றது. நரிக்கோ தண்டனையில்லை, அமைச்சுப் பதவியே வாய்க்கின்றது. அதன் தோழன் கரடகன் இடித்துரைத்த அறவுரையும் விழலுக்கிறைத்த நீராகின்றது.

கி. பி. 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னன் குஸ்ரு அனூசிர்வான் காலத்திற் பர்சோய் என்னும் மருத்துவர் இக்கதைகளைப் பகலவி மொழியிற் பெயர்த்தார். அதனை 750ஆம் ஆண்டளவில் இபுனுல் முகப்பா அரபு மொழியில் ‘கலீலா வ திம்னா’ என ஆக்கினார். கரடகனே கலீலா, தமனகனே திம்னா. அரபு நூலில் எருதின் மரணத்தோடு கதை முடியவில்லை. சிங்கத்தின் தாய் சூழ்ச்சியை வெளிப்படுத்துகின்றது. நரி சிறையிடப்பட்டு, மன்றில் நிறுத்தப்பட்டு, நாவன்மையால் நெடிது வாதாடி, ஈற்றிற் சாட்சியங்களால் குற்றம் நிறுவப்பட்டு மடிகின்றது. பகலவியிலிருந்தே பெயர்க்கப்பட்ட பழைய சிரிய நூலில் இப்பகுதி இல்லை. ஆதலின், இஃது இபுனுல் முகப்பா தாமே சேர்த்ததென்பர் ஆராய்ச்சியாளர். தீயோன் தப்புதலை அவர் உள்ளம் பொறுத்திலது போலும். கதையில் நீதி நிலைநாட்டிய அவரே சில ஆண்டுகளின் பின் அப்பாசியர் ஆட்சியிற் கொலையுண்டமை வரலாற்றின் விந்தை.

அரபு நூல் எபிரேயம், இலத்தீன் முதலிய மொழிகளினூடே ஐரோப்பாவிற் பரவி, 1570இல் ஆங்கிலத்தையும் அடைந்தது. தமிழிலோ, 1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த உரைநடை நூல் பெருவழக்குற்றது.

இவ்விரு முடிபுகளுள் இளைஞர்க்கு உகந்தது யாது? அரபு முடிபு மனத்துக்கு அமைதி தருவது; வடமொழி முடிபு அமைதியைக் குலைப்பது. “நரிக்குத் தண்டனை இல்லையா?” என்று மாணவன் கேட்பானாயின், அறவுணர்ச்சி அவனுள்ளே விழித்ததென்க. கி. பி. 8ஆம் நூற்றாண்டில் அரபு அத்தியாயம் பிறந்ததும் அவ்வினாவிலிருந்தே எனலாம். ஆதலின், கதை முடிந்தவுடன் நீதியை நாமே எடுத்தோதி அவ்வினாவை அடைத்துவிடாதிருத்தல் ஆசிரியர் கடன்.