கல்வெட்டின் சமையலறையும் பனையேறியின் கலயமும்

பழைய சமையலை மீட்டெடுப்பது நகர்ப்புறத்தின் கௌரவமான பொழுதுபோக்காக ஆகியிருக்கிறது. ‘மன்னர் காலத்து விருந்து’, ‘பாட்டன் காலத்துப் பானம்’ என்ற சொற்களின் வழியே ஒரு பொற்காலம் கட்டமைக்கப்படுகிறது. இந்தப் பழக்கம் எனக்கும் உண்டு என்பதால், வெளியே நின்றுகொண்டு இதைப் பேசவில்லை. திண்டுக்கல்லில் என் வீட்டில் கோடைதோறும் நன்னாரி வேரைத் தட்டி, நடு நரம்பை நீக்கி, பட்டையை மட்டும் வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டிச் சர்க்கரைப் பாகில் சேர்த்து வைக்கிறேன். குடிக்கும்போது எலுமிச்சை. இதற்கு நாம் சொல்லும் ‘சர்பத்’ என்ற பெயர், குடித்தலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. கலப்பற்ற மரபு என்று பேசுபவர்களுக்கு இந்த ஒரு டம்ளர் போதும்.

இடைக்காலச் சமையலுக்கு நம்மிடமுள்ள வலுவான சான்றுகள் கல்வெட்டுகளே. வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு (9ஆம் நூற்றாண்டு) கோயில் அமுதுக்கான அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் முதலியவற்றோடு மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவற்றையும் பட்டியலிடுகிறது. இதை வைத்துச் சமைத்துப் பார்த்தேன். மிளகாய் கிடையாது, அது போர்த்துகீசியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்கு. சாப்பிட்ட நண்பர் சொன்னார்: “என்னப்பா, கோயில் பிரசாதம் மாதிரியில்ல இருக்கு!”

வேறெப்படி இருக்கும்? கல்வெட்டு சமையல் குறிப்பல்ல, கணக்குப் புத்தகம். தஞ்சைப் பெரிய கோயிலில் இறைவனின் நீராட்டு நீருக்கு ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்குவதற்கென்றே காசு முதலாக வைக்கப்பட்டது. அக்கோயில் காசுகளுக்கு ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. அந்த நறுமணத்தின் அடியில் ஊர்களின் கடன் இருக்கிறது. அதே சுவர்களில் பறைச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. வரியில்லா நிலங்களைக் கழிக்கும் இடத்தில், நிலக்கணக்காக மட்டும். அங்கே அடுப்பு எரிந்ததா, என்ன கொதித்தது என்பதெல்லாம் கணக்கெழுதியவனுக்குத் தேவைப்படவில்லை.

எழுத்தில் ஏறுவதும் ஏறாததும் உணவின் குணத்தால் அல்ல, உண்பவனின் இடத்தால் தீர்மானமாகிறது. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாசம்’ (12ஆம் நூற்றாண்டு) வயல் எலியைச் சமைக்கும் முறையைச் சொல்கிறது. அங்கே அது ராஜபோகம்; நம் ஊர் வரப்பில் எலி பிடித்துத் தின்பவனுக்கு அதுவே இழிவு.

பானத்துக்கு வருவோம். வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் கோடையில் பதநீர் குடித்தவர்களுக்கு அதன் சூட்சுமம் தெரியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். “சுண்ணாம்பு பூசுனா ஏவாரம், பூசலேன்னா கேசு” என்றார் ஒரு பனையேறி.

இந்த ‘கேசு’க்கு ஆயிரம் வருஷத்து முன்கதை உண்டு. பல்லவர் செப்பேடுகளில் ‘ஈழம்பூட்சி’ என்ற கள்வரி வருகிறது. சோழர் செப்பேடுகள் சிலவற்றில், தானமாக அளிக்கப்பட்ட ஊர் எல்லைக்குள் தென்னையும் பனையும் ஈழவர் ஏறக்கூடாது என்பது தானம் பெறுவோருக்கான உரிமைகளில் ஒன்றாகவே எழுதப்படுகிறது. பானம் பதிவாகவில்லை, வரியும் தடையும் பதிவாயின. பிற்காலத்தில் 1937இல் சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் சேலத்தில் தொடங்கியது. பின்பு விலக்கும் தளர்வும் மாறிமாறி வந்து, 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் தடைசெய்யப்பட்டது. சீமைச் சாராயத்தையோ அரசே கடை வைத்து விற்கிறது. அரசுகள் வேறு, நோக்கங்கள் வேறு; ஆனால் மரம் ஏறுபவன் எழுத்தில் வருவது ஒவ்வொரு முறையும் ஆணைக்குக் கீழேதான்.

ஆகவே இடைக்காலச் சமையல் என்ற பொழுதுபோக்கைக் கைவிடச் சொல்லவில்லை. நானும் கைவிடப் போவதில்லை. கல்வெட்டில் அளவோடு இருப்பதை மட்டும் சமைத்து அதற்குத் ‘தமிழர் உணவு’ என்று பெயர் வைக்கும்போது, நாம் கணக்கெழுதியவனின் கண்ணையே இரவல் வாங்குகிறோம். அளவில்லாமல் விடுபட்டவற்றின் செய்முறை கல்லில் இல்லை, கைகளில் இருக்கிறது. பாளையை எப்போது சீவுவது, சுண்ணாம்பு எவ்வளவு, கருப்பட்டிக்குப் பாகு எந்தப் பதம் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் சமவெளியில் மரம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது நாம்தான். அவர்களில் பலருக்கு வயசாகிவிட்டது.