ஏதென்ஸ் நகரும் பொதுவிடத்துக் கண்ணீரும்

மனத்துயரைப் பலரறியக் காட்டுதல் தகுமோ தகாதோ என்னும் வினா ஒழுக்க நூலாருக்கு மட்டும் உரியதன்று. அரசுகளும் அதற்கு விடைகூற முற்பட்டன என்பதற்குப் பண்டைய ஏதென்ஸின் வரலாறு சான்று பகரும்.

ஹோமரின் காவிய உலகில் கண்ணீர் வீரத்துக்கு இழுக்காகக் கருதப்படவில்லை. நண்பன் மாண்டமை கேட்ட அக்கிலீஸ் புழுதியிற் புரண்டு அழுகின்றான். இறுதியிலே பகையரசனாகிய பிரயமும் அவனும் ஒருங்கிருந்து அழுகின்றனர்.

கி.மு. 594இல் ஏதென்ஸின் ஆட்சித் தலைவராயிருந்த சோலன் இயற்றியனவாகக் கூறப்படும் சட்டங்களோ வேறு நோக்குடையன. மகளிர் உடலைக் கீறிக்கொள்ளுதலும், முன்னரே யாத்தமைத்த ஒப்பாரிகளைப் பாடுதலும் விலக்கப்பட்டன. பிணத்தை வீட்டினுள்ளே கிடத்தி, மறுநாட் சூரியோதயத்துக்கு முன் எடுத்துச் செல்லல் வேண்டும். நெருங்கிய உறவினரல்லாத, 60 வயது நிரம்பாத பெண்கள் உடன்செல்லலாகாது. ஏறத்தாழக் கி.மு. 450இல் உரோமர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டமும் பெண்கள் கன்னங்களைக் கீறுதலைத் தடுத்தது.

இவற்றின் நோக்கம் அடக்கம் மட்டுமன்று. உயர்குடிகளின் இழவுச் சடங்கு செல்வத்தையும் சுற்றத்தின் வலிமையையும் ஊரறியக் காட்டுவது. மகளிர் ஓலமோ பழியுணர்ச்சியைத் தூண்டிக் குடிப்பகையை வளர்க்க வல்லது. எனவே குடிகளின் செல்வாக்கைக் குறைக்க விரும்பிய அரசு, அவற்றின் அழுகைக்கும் எல்லை வகுத்தது. பொதுவிடத்திற் பெண்கள் குரலெழுப்புதற்கிருந்த அரிய வாய்ப்பொன்று இதனாற் குறுகிற்று.

ஆயினும் கண்ணீர் அரங்கிற் புகுந்தது. கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரைக் கைப்பற்றினர். அவ்வீழ்ச்சியைப் பிரினிக்கஸ் நாடகமாக்கியபோது அவையோர் கண்ணீர் சொரிந்தனர் என்பர் ஹெரோடோட்டஸ். தம் துயரையே நினைவூட்டினாரென்று ஏதென்ஸ் மக்கள் அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தையும் தடைசெய்தனர்.

கி.மு. 431இல் போரில் மாண்டோருக்குப் பெரிக்கிளீஸ் ஆற்றிய இரங்கலுரை, துசிடிடீஸ் எழுதியவாறு, நகரின் பெருமையையே விரித்துரைக்கின்றது. கைம்பெண்களுக்குக் கூறியவை சில சொற்களே. தனிக்குடியின் துயரை அரசு தனதாக்கிக்கொண்டமைக்கு இது தக்க சான்றாகும்.

சொந்தத் துன்பத்தில் அழாதிருத்தலே ஆண்மையென்போர், அரங்கில் பிறர் புலம்பக் கண்டு மகிழ்கின்றனரே எனப் பிளேட்டோ தமது 'குடியரசு' நூலிற் குறைகூறினார். அவர்தம் மாணாக்கர் அரிஸ்டாட்டிலோ, இரக்கமும் அச்சமும் எழுப்பி அவற்றைத் தூய்மைப்படுத்துதலே அவலநாடகத்தின் பயனென்றார். சட்டம் அழுகைக்கு இடமும் காலமும் வரையறுத்தது. அழவேண்டிய தேவையை அதனால் நீக்க இயலவில்லை என்பதே இவ்வரலாற்றாற் பெறப்படுவதாகும்.