ஒரே துப்பாக்கி, இரு விலங்கு: .243 தோட்டா நிலைபெற்ற வரலாறு

அமெரிக்காவில் மானுக்கும் கயோட்டிக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள் போதும் என்று நினைப்பவர்களுக்கு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகப் பரிந்துரைக்கப்பட்டு வரும் பெயர் .243 வின்செஸ்டர். அது வெளிவந்த 1955-ஆம் ஆண்டிலேயே .244 ரெமிங்டன் என்ற போட்டித் தோட்டாவும் வந்தது. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். வெடிமருந்து கொள்ளும் இடம் ரெமிங்டனில்தான் சற்று அதிகம். ஆனாலும் வின்செஸ்டர் நிலைத்தது. ரெமிங்டனின் தோட்டா எட்டே ஆண்டுகளில் தன் பெயரையே இழந்தது. இந்த முடிவைத் தீர்மானித்தவை குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டப்பட்ட புரிகள் என்பதும், அந்தப் புரிகள் இரு விலங்குகளில் எதற்கு முதலிடம் என்ற கேள்விக்கு இரு நிறுவனங்களும் தந்த வெவ்வேறு விடைகள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இரு விலங்குகளின் தேவை

கயோட்டி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, ஓநாயைவிடச் சிறியது. எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்று, ஆள் அசைந்தால் ஓடிவிடும். தூரத்தைச் சற்றே தவறாகக் கணித்தாலும் குறி தப்பாதிருக்க, வேகமாகவும் தாழாமலும் செல்லும் இலேசான குண்டு வேண்டும். அதன் செம்பு உறை மெல்லியதாக இருந்தால் உடலுக்குள்ளேயே சிதறிவிடும். தோலில் பெரிய வெளித்துளை விழாது. தோலை விற்பவருக்கு இது முக்கியம்.

வெண்வால் மானின் கணக்கு வேறு. வளர்ந்த ஆண் மான் 100 கிலோவைத் தாண்டுவதுண்டு. கயோட்டிக்குச் செய்த குண்டு மானின் தோள்பட்டை எலும்பில் பட்டால் மேற்பரப்பிலேயே சிதறக்கூடும். நுரையீரலையும் இதயத்தையும் எட்டாது. மான் புதருக்குள் ஓடி, யாருக்கும் பயனின்றி, நீண்ட வேதனையில் சாகும். இந்தத் தேர்வைப் பற்றிய எந்த ஆய்விலும் முதலில் வைத்துப் பார்க்க வேண்டியது இந்தச் சாத்தியத்தைத்தான். கயோட்டிக்குப் பொருந்தாத குண்டால் ஒரு தோல் கெடும். மானுக்குப் பொருந்தாத குண்டால் ஓர் உயிர் வதைபடும்.

வேகத்தின் வருகை

கரும்புகை மருந்தின் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அப்போதைய கனத்த ஈயக் குண்டுகள் விரைவிலேயே தாழ்ந்துவிடும். 1884-இல் பிரான்சின் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கிய பிறகுதான் சிறு விட்டமும் பெரு வேகமும் கைகூடின. 1895-இல் வந்த .30-30 வின்செஸ்டர் மான் வேட்டையில் அசைக்க முடியாத இடம்பிடித்தது. ஆனால் அதற்குரிய ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீள்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. கூர்முனைக் குண்டு இட்டால், அதன் முனை முன்னிருக்கும் தோட்டாவின் எரியூட்டும் மூடியில் இடித்து வெடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே மழுங்கிய முனைதான் பாதுகாப்பு. மழுங்கிய முனை காற்றில் வேகத்தை விரைவாக இழக்கும்.

சாவேஜ் நிறுவனத்தின் 99 மாதிரி ரைஃபிள், தோட்டாக்களைச் சுழலும் கூட்டில் வைத்து இந்தத் தடையை நீக்கியது. அதற்காக சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த தோட்டா 1915-இல் .250-3000 என்ற பெயரில் வெளியானது. மானை மனத்தில் வைத்து 100 கிரெயின், அதாவது 6.5 கிராம் எடையுள்ள குண்டையே நியூட்டன் விரும்பினார். விநாடிக்கு 3000 அடி என்று விளம்பரம் செய்ய ஆசைப்பட்ட நிறுவனமோ குண்டை 87 கிரெயினாகக் குறைத்தது. பெயரில் உள்ள 3000 அந்த வேகம்தான். மானுக்கான எடையும் சிறு விலங்குக்கான வேகமும் மோதிக்கொண்டதை இங்கே முதன்முதலாகத் தெளிவாகக் காண்கிறோம்.

நெட் ராபர்ட்ஸ் 7 மி.மீ. மவுசர் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி உருவாக்கியதை, 1934-இல் ரெமிங்டன் .257 ராபர்ட்ஸ் என்று வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே வின்செஸ்டர் .220 ஸ்விஃப்ட்டை வெளியிட்டது: 48 கிரெயின் குண்டு, விநாடிக்கு 4000 அடிக்கும் மேல். கயோட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மானுக்கு அந்த எடை போதாது. இன்றும் வர்ஜீனியாவில் மானுக்கு .23 அங்குல விட்டத்துக்குக் குறைந்த ரைஃபிள் கூடாது, கொலராடோவில் .24-க்குக் குறையக் கூடாது. .22-க்கு மேலே, .25-க்குக் கீழே ஓர் இடைவெளி இருந்தது. 1955-இல் இரு நிறுவனங்களும் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

1955: இரு விடைகள்

ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் இதழில் துப்பாக்கிப் பகுதியைக் கவனித்த வாரன் பேஜ், அந்த இடைவெளியில் விழும் 6 மி.மீ. விட்டத்துக்காக விடாமல் வாதாடியவர். வின்செஸ்டர் .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி .243 செய்தது. குழலின் புரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வருமாறு வெட்டப்பட்டன. கயோட்டிக்கு 80 கிரெயின், மானுக்கு 100 கிரெயின் என இரு எடைகளில் தோட்டாக்கள் விற்பனைக்கு வந்தன.

ஃபிரெட் ஹண்டிங்டனின் சோதனைகளை அடியொற்றிய ரெமிங்டன், புரிகளை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைத்தது. குண்டுகள் 75, 90 கிரெயின். விட்டம் மாறாமல் எடை கூடினால் குண்டு நீளும். நீண்ட குண்டு தள்ளாடாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். 1879-இலேயே கிரீன்ஹில் இதற்கு ஒரு சூத்திரம் தந்திருந்தார். ரெமிங்டனின் மெதுவான புரியில் கூர்முனை கொண்ட 100 கிரெயின் குண்டு நிலைகொள்ளவில்லை. இதை ஒரு தொழில்நுட்பப் பிழை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுபவரே தன் வாடிக்கையாளர் என்று ரெமிங்டன் நம்பியது. மான் அதற்கு இரண்டாம் இடம்.

வாங்கியவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. இரு வேலைக்கு ஒரே துப்பாக்கி தேடுபவர் அடிப்படையில் மான் வேட்டைக்காரர். கயோட்டி அவருக்கு மற்ற மாதங்களின் வேலை. 90 கிரெயின் குண்டு வெண்வால் மானுக்குப் போதும் என்பதே என் கணிப்பு. அந்த வகையில் .244-க்குக் கிடைத்த தீர்ப்பு சற்றுக் கடுமையானதுதான். ஆனால் மானுக்குக் கூடுதல் எடை வேண்டும் என்று கேட்டவர்களின் எண்ணம் சரியானது. புரியை 9 அங்குலச் சுற்றாக மாற்றிக்கொண்ட ரெமிங்டன், 1963-இல் அதே தோட்டாவுக்கு 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரிட்டது. அதற்குள் சந்தை கைநழுவியிருந்தது.

செம்புக் குண்டும் பழைய கேள்வியும்

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஈயத்தால் நஞ்சேறிச் செத்துக்கொண்டிருந்த காண்டோர் கழுகுகளைக் காப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது; எனவே அதே எடையுள்ள செம்புக் குண்டு அதிக நீளம் கொண்டது. புரிச்சுற்று பற்றிய 1955-இன் கேள்வி இதனால் மறுபடியும் எழுந்தது. ஆனால் செம்புக் குண்டு எலும்பில் பட்டாலும் எளிதில் சிதறாது. முனை விரிந்து, எடை குன்றாமல் ஊடுருவும். ஆகவே ஒரு காலத்தில் கயோட்டிக்கென ஒதுக்கப்பட்ட 80 கிரெயின் எடையிலேயே இப்போது மானுக்கும் குண்டு கிடைக்கிறது.

பழைய .244 கைக்கு வந்தால், மானுக்கு எடுத்துச்செல்லும் முன் புரிச்சுற்றை அளந்துவிட வேண்டும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, கைப்பிடி தனியே சுழலும் துடைப்புக் கம்பியின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி, கம்பியின் மேற்புறம் ஒரு கோடு போட்டு, குழலுக்குள் மெதுவாகத் தள்ளினால் கம்பி புரியோடு சேர்ந்து திரும்பும். கோடு மீண்டும் மேலே வரும்வரை உள்ளே போன நீளமே புரிச்சுற்று. அது 12 அங்குலம் என்றால் 100 கிரெயின் கூர்முனைக் குண்டை அந்தத் துப்பாக்கியில் இட்டு மானைச் சுடக் கூடாது.